மேலாளர் அறையில் ஒரு டீ

எங்கள் பம்பு தொழிற்சாலையின் பொது மேலாளர் இளகிய மனசுக்காரர். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதென்றால், தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார். அதனால் அவர் அறைக்கு டீ போனாலே, பட்டறையில் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு யாருக்கு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் பன்னிரண்டு பேரை அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பதினொரு டீ முடிந்திருந்தது. பன்னிரண்டாவது ஆள் அகப்படவில்லை. போதாக்குறைக்கு, கம்பெனிப் பத்திரிகைக்கு 'நான் கடந்து வந்த பாதை' என்று ஒரு கட்டுரை வேறு எழுத வேண்டியிருந்தது. இளமைக் காலம் சரியாக ஞாபகம் வராததால், பட்டறையில் கடைசல் பிடிக்கும் தன் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். தம்பி படிக்கட்டும் என்று பதினாறு வயதிலேயே இங்கே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கூடப்பிறந்தவர் ஆயிற்றே என்று டீயும் சொன்னார்.

டீயைப் பார்த்ததும் அண்ணன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமேடா. எனக்கு எதுக்கு இந்த மரியாதையெல்லாம்?"

"அண்ணே, நான் கூப்பிட்டது வேற..."

"பரவாயில்லடா. உனக்கும் மேல ஆளு இருக்கான்ல. உன் அண்ணிகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது."

மேலாளர் அட்டையைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். பன்னிரண்டாவது இடத்தில் அண்ணன் பெயரை எழுதினார். தானாக வரும் வாய்ப்பைத் தவறவிடாதவனே தலைவன் என்று அன்று மாலையே கட்டுரையை முடித்தார். பொறுப்புகளைப் பகிர்ந்தளிப்பதும் தலைமைப் பண்பு அல்லவா? அண்ணியிடம் சொல்வதற்கு மனிதவள அதிகாரியை அனுப்பிவைத்தார்.