சிங்கப்பூர் வழியாக எதிர்க்கடைக்கு

கரண்ட் போனதும் மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் பெட்டி "கீங்... கீங்..." என்று கத்த ஆரம்பிக்கும், சூடேறிய மானிட்டர்களின் பிளாஸ்டிக் வாசமும், கீழே மண்டியில் அடுக்கிய பெட்டிகளில் நசுங்கிய தக்காளியின் புளித்த வாசமும், ஐந்து பேரின் வேர்வையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, இன்னும் பத்து நிமிடம்தான் உயிர் என்று தெரிந்து நாங்கள் திரையில் முன்னைவிட வேகமாகச் சுடுவோம். மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியில் இருந்த அந்தோணி அண்ணனின் பிரவுசிங் சென்டர் அது. அண்ணன் என் பெரியப்பா மகன். பத்தாவது பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடை விடுமுறையில், "அண்ணன் கடைதானே, போகட்டும்" என்று வீட்டில் என்னை விட்டார்கள். அங்கே நான் தட்டச்சு பழகுகிறேன் என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரில், மஞ்சுளா அக்காவின் சென்டர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அக்கா தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டி முடிப்பார். அண்ணன் ஹெட்போன் வாங்கி மாட்டினால் மறு வாரம் அங்கே ஹெட்போன் வரும். அக்கா நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துப் போட்டால் இங்கேயும் மெத்தை வரும், கொஞ்சம் தடிமனாக. அன்றன்றைக்கு ஜெயித்தவர் பெயரை எழுத அவர் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார். மறுநாளே அண்ணன் இரண்டு வைத்தார், எழுத அவ்வளவு பெயர் இல்லாவிட்டாலும். "எல்லாம் நம்மளப் பாத்துப் பண்றாங்க" என்று அண்ணன் புலம்பியது ரோட்டைத் தாண்டி அக்கா காதுக்கும் போயிருக்கிறது. ஒருநாள் டீக்கடையில் வைத்தே கேட்டுவிட்டார்.

"பாத்துத்தான் பண்ணினேன் அந்தோணி. பாக்காமப் பண்றதுக்கு நான் என்ன குருடியா? உங்க காட்டுல தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டறீங்களே, அது எந்தூருப் பழக்கம்? எங்க கோலார்ப் பக்கத்துது. நாங்க வந்து கேட்டமா?"

அண்ணன் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீ அது.

இரண்டு கடைக்கும் ஒரே வாரத்தில் பிராட்பேண்ட் வந்தது. அதுவரை ஒரே அறைக்குள் எங்களுக்குள் சுட்டுக்கொண்டிருந்தவர்கள், எதிர்க்கடைக்காரர்களையும் சுடலாம் என்று கண்டுபிடித்தோம். ஐந்து பேர் காக்க வேண்டும், ஐந்து பேர் உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதன் சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. நாற்பதடி ரோட்டைக் கடக்க என் தோட்டா வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய், அங்கே ஒருமுறை மூச்சு வாங்கி, திரும்பவும் கடல் தாண்டி எதிர் மாடிக்கு வரும். அங்கே மஞ்சுளா அக்காவின் தம்பி மகன் நாகேஷ் செத்து விழுந்து வைகிற சத்தம், அந்தச் சாவு என் திரைக்கு வருவதற்கு முன்பே, ஜன்னல் வழியாக நேராக என் காதில் விழும். அந்தச் சத்தத்துக்காகவே அவனைத் தேடித் தேடிச் சுட்டேன்.

ஆனால் சுட்டதைவிடச் சுடப்பட்டதுதான் அதிகம். வரிசையாகத் தோற்றோம். எங்கள் கை அவர்கள் கையைவிட மோசமில்லை. பிறகு ஏன் என்று எங்களுக்கு விளங்கவேயில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் இடது, வலது என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. சோற்றுப் பானையைக்கூட "கொஞ்சம் மேக்கால தள்ளி வை" என்றுதான் அம்மா சொல்வாள். ஆட்டத்திலும் அப்படியே கத்தினோம்: "கெழக்கால வர்றான்", "மேக்கால ரெண்டு பேரு". எதிர்க்கடையிலும் அதையேதான் கத்தினார்கள். ஒருநாள் பரீட்சை முடிவைப் பிரிண்ட் எடுக்கிற சாக்கில், அண்ணனுக்குத் தெரியாமல் அந்த மாடி ஏறினேன். அங்கே ஐந்து கணினியும் ஒரே சுவரோரம், ஒரே வரிசையில் இருந்தன. எங்கள் கடையிலோ மூன்று கிழக்குச் சுவரைப் பார்த்து, இரண்டு மேற்குச் சுவரைப் பார்த்து. ரவுண்டு தொடங்கும்போது எல்லோர் திரையிலும் நேர் எதிரே அதே கதவு நிற்கும். எங்களில் மூன்று பேருக்கு அந்தக் கதவு கிழக்கு, முதுகு காட்டி உட்கார்ந்த இரண்டு பேருக்கு அதே கதவு மேற்கு. "கெழக்கால வர்றான்" என்று நான் கத்த, பின்னால் இருந்த இரண்டு பேரும் ஆளே இல்லாத பக்கம் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், ஒரு மாதம் முழுக்க.

நான் பிரிண்டை வாங்கக்கூட மறந்து இறங்கினேன். நாகேஷ் பின்னாலேயே படியிறங்கி வந்து கொடுத்தான். "மார்க்கு நல்லாத்தான் எடுத்திருக்கற. அப்பறம் ஏன் சுவத்தப் பாத்தே சுடற?" என்றான்.

மேசைகளை ஒரே வரிசையாக மாற்றலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அந்தம்மா கடையப் பாத்து நாம கடைய மாத்தறதா? வேற வேல பாரு ரோசி" என்றார். பிளக் பாயிண்ட் எல்லாம் அந்தந்தச் சுவரில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்; அது உண்மையும்கூட.

வேறு வேலை பார்த்தேன். அந்த ஆட்டத்தோடு இலவசமாக ஒரு கருவி வந்தது. சுவர், படி, கதவு என்று நாமே வைத்து ஆடுகளம் கட்டலாம். ஆடுகளத்தை வெளியூர்க்காரர்கள் மேப் என்றார்கள், நாங்கள் "ஊரு" என்போம். "புது ஊரு வந்திருக்கு, ஆடலாமா" என்று. அப்படியானால் சொந்த ஊரையே போட்டால் என்ன? மாரண்டஹள்ளியில் தண்ணீர்த் தொட்டி கிழக்கு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை; எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும், தலைகீழாகத் தொங்கினாலும், தொட்டி கிழக்குத்தான். இரண்டு வாரம், பகலெல்லாம் உட்கார்ந்து கட்டினேன். பேருந்து நிலையம், சந்தை மைதானம், மண்டிக்குப் பின்னால் போகிற சந்து, பூட்டிய அரிசி மில், எல்லாவற்றுக்கும் மேலே தொட்டி. எதிர்க்கடை இருந்த இடத்தில் மட்டும் ஒரு காலி மனையை வைத்து, சீமைக்கருவேல முள்ளை நட்டேன். தொட்டியின் தூணில், கிட்டத்தில் போனால் மட்டும் தெரிகிற மாதிரி, என் பெயரை எழுதினேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயர் அதுவரை கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும்தான் எழுதப்பட்டிருந்தது. சிமெண்ட் நிறச் சுவரில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அதன்பிறகு எங்கள் கணினி ஒன்றையே சர்வராக வைத்து என் ஊரில் ஆடினோம். கிழக்கு கிழக்கானது. அடுத்தடுத்து ஜெயித்தோம். கரும்பலகைகள் இரண்டும் நிறைந்தன.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. நம் சர்வருக்குள் எதிராளி வரும்போதே அந்த ஊரும் முழுசாக அவன் கணினிக்குள் இறங்கிவிடும். யாரும் திருடவில்லை, நாங்களே அனுப்பியிருந்தோம். பத்தே நாளில், "எங்க ஊருக்கு வாங்க" என்று நாகேஷ் கூப்பிட்டான். அதுவும் மாரண்டஹள்ளிதான், என் மாரண்டஹள்ளியைப் பிரித்து அவன் கை வைத்தது. அதற்குள் தர்மபுரியில் ஒரு சென்டர்காரர் ஊருக்கு ஓர் அணி என்று போட்டிக்கு அழைத்திருந்தார். சொந்தமாக மேப் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வரலாம் என்றிருந்தார். எந்தக் கடை போவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று ஆட்டம் ஆடி முடிவு செய்வதாகப் பேச்சு: முதலாவது என் ஊரில், இரண்டாவது அவர்கள் ஊரில், மூன்றாவது பூவா தலையா போட்டு, அதில் ஜெயித்தவர் சொல்கிற ஊரில். ஜெயித்த கடையின் ஊர் தர்மபுரிக்குப் போகும், அதில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரோடு.

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தூணில் என் பெயரை அழித்திருப்பானா என்பது ஒன்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

முதலாவதில் ஜெயித்தோம். இரண்டாவது தொடங்கிய நொடியே நான் தொட்டியை நோக்கி ஓடினேன். செத்தேன். அடுத்த ரவுண்டிலும் ஓடினேன், செத்தேன்.

"எங்கடி ஓடற? சந்துல நில்லு" என்றார் அண்ணன்.

"ஒரு வேல இருக்குது."

"சண்டை நடக்கற எடத்துல உனக்கு என்ன வேல?"

நான்காவது ஓட்டத்தில் தூணைத் தொட்டேன். "ரோசி" அங்கேயே இருந்தது. அதன் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: "படி – நாகேஷ்". படியா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து சுட்டு வீழ்த்தினார்கள். எதிர் ஜன்னலில் சிரிப்பு கேட்டது.

பிறகுதான் அந்த ஊரைக் கண் திறந்து பார்த்தேன். என் முள்ளை வெட்டி எறிந்துவிட்டு, அவன் அத்தையின் கடையை நட்டிருந்தான். பெயர்ப்பலகையில் தமிழ், கீழே கன்னடம். அந்த மாடியிலிருந்து ரோட்டுக்கு மேலாகவே மண்டிச் சந்துக்குள் இறங்க ஒரு படி. என் ஊரில் அந்தச் சந்துக்கு ஒரே வாய்தான்; அதற்குள் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டால் யாராலும் நுழைய முடியாது, முதலில் காக்கிற அணியே கடைசியில் ஜெயிக்கும். நாங்கள் ஜெயித்த பல ஆட்டங்கள் அப்படி ஜெயித்தவைதான், அது எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஒரே ஒரு படி வைத்து அதைச் சரி செய்திருந்தான். இப்போது சந்தில் உட்கார்ந்தவனுக்கும் பயம் இருந்தது. எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, கூட்டாளியைக் கூப்பிட வேண்டியிருந்தது. நான் கட்டிய தெருவில் நானே முதல் முறையாக வழி தெரியாமல் நின்றேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது ஆட்டம் அவர்களுக்குப் போயிற்று. மூன்றாவதற்கு ரோட்டின் நடுவில் நின்று காசு சுண்டினார்கள். தலை விழுந்தது, எங்களுக்கு. என் ஊரில், முதலில் காக்கிற பக்கத்தை எடுத்தால் போதும், தர்மபுரி எங்களுடையது. அண்ணன் மேலே ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்து, "ரோசி, நம்ம ஊருதான?" என்றார்.

"வேணாங்கண்ணா. அவங்க ஊருல ஆடலாம்."

மஞ்சுளா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "ஏனம்மா, காய்ச்சலா உனக்கு?"

"அவங்க ஊரு நல்லாருக்குதுங்க்கா. படி நல்லாருக்குது."

தோற்றோம். கடைசி ரவுண்டு வரை இழுத்து, இரண்டு பேர் மிஞ்சி, அந்தப் படியிலேயே தோற்றோம். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டி வந்து பிளக் பாயிண்டுகளை ஒரே சுவருக்கு மாற்றினார். பிளம்பர் எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நாகேஷ் தன் ஊரை ஏற்றிய ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்பினான், "மேக்கால வெறிச்னு கெடக்குது, ஏதாச்சும் பண்ணு" என்ற செய்தியோடு. படியைப் பார்த்ததிலிருந்து எனக்கும் கை பரபரத்துக்கொண்டிருந்தது. மேற்கே ரயில்வே கேட்டை வைத்தேன். நினைத்தாற்போல் மூடிக்கொள்ளும், ரயில் போகும், பெட்டிகள் கடந்து முடிகிறவரை இந்தப் பக்கத்தவன் இந்தப் பக்கம்தான், எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் காத்திருந்துதான் ஆக வேண்டும். அந்த ஊரோடு அவர்கள் தர்மபுரி போனார்கள். "ஊரு போட்டவ இல்லாம எப்படி" என்று மஞ்சுளா அக்கா வந்து அம்மாவிடம் கேட்டு, வேனில் தன் பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். தட்டச்சுப் போட்டி என்றாரோ என்னவோ, அம்மா அவருக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்தாள்.

அங்கே பென்னாகரத்துப் பையன்களும் கம்பைநல்லூர்ப் பையன்களும், எங்கள் ஊர் மண்ணை ஒருநாளும் மிதித்திராதவர்கள், எங்கள் சந்தில் புகுந்து எங்கள் தொட்டியைச் சுற்றி ஓடியதையும், கேட் மூடியதும் நாற்காலியில் சாய்ந்து திட்டியதையும் பின்னால் நின்று பார்த்தேன். ஒருவன் "கெழக்கால, தொட்டிக்கிட்ட" என்று கத்தினான். இரண்டு பெயர் எழுதிய ஒரு தூணை அவன் கடந்து போனான். அப்போது என் நெஞ்சு விரிந்த அளவுக்கு அதற்கப்புறம் விரிந்ததில்லை. பெண் பிறந்தபோதுகூட இல்லை என்றால் என் மகள் கோபித்துக்கொள்வாள், அதனால் அதற்கு ஒரு விரல்கடை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். மகள் கைப்பேசியில் ஆடுகிறாள். முகம் தெரியாத நாலு நாட்டுக்காரர்கள் அவள் கூட்டாளிகள். எதிரி நிற்கிற இடத்தில் விரலை வைத்தால் போதும், எல்லோர் திரையிலும் அங்கே ஒரு குறி விழுகிறது. கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம், மொழியே வேண்டாம். யாரோ ஓர் ஆட்டத்தில் கொண்டுவந்தது, இன்று எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது. "எல்லாம் காப்பிம்மா, ஒருத்தனப் பாத்து ஒருத்தன்" என்று அவள் உதட்டைச் சுழிக்கிறாள். காப்பிதான். அந்தக் குறி மட்டும் அன்றைக்கே வந்திருந்தால் எங்கள் பின்வரிசை இரண்டு பேரும் ஒரு மாதம் சுவரைக் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு ஏக்கமெல்லாம் இல்லை. அவள் ஆடுகிற ஆட்டத்தைக் கட்டியவர்கள் எங்கேயோ ஒரு ஊரில், எதிர் மாடியை எட்டிப் பார்த்து, பல்லைக் கடித்து, ஒரு படி கூட்டி வைத்தவர்கள். அவர்கள் யாரென்று தெரியாமலே எனக்கு அவர்களைத் தெரியும்.

இரண்டு கடையும் இல்லை. ஒன்று கைப்பேசிக் கடை, இன்னொன்றில் காலித் தக்காளிப் பெட்டிகள். கணினிகள் பழைய இரும்புக்குப் போனபோது அவற்றுக்குள் இருந்த ஊரும் போயிற்று. யாரிடமும் நகல் இல்லை. போன ஈஸ்டருக்குப் போயிருந்தபோது, மண்டியில் தக்காளி ஏலம் விடுகிற நாகேஷ், தன்னிடம் வேலை பார்ப்பவர்களிடம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னான். ஊரைப் போட்டது ரோசி என்றான். படி தன்னுடையது என்றான். அப்புறம், கூசாமல், ரயில்வே கேட்டும் தன்னுடையது என்றான்.

"அது நான் வெச்சது" என்றேன்.

"ஏய், மேக்கால ஏதாச்சும் பண்ணுன்னு சொன்னது ஆரு? பதினெட்டுப் பெட்டிங்க, எண்ணி வெச்சேன். ஊதிக்கிட்டே போகும்."

நான் வைத்த ரயிலுக்கு ஆறு பெட்டி. ஊதவும் ஊதாது, எனக்குச் சத்தம் சேர்க்கத் தெரியாது. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, அவனிடமும் இல்லை. ஆனால் அவன் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரயில் போய் முடியட்டும் என்று காத்திருக்கிறவர்களைப் போலவே நின்றார்கள். அவன் சொல்வதுதான் நன்றாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பி மகளிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கேட் என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை, ஆனால் பதினெட்டுப் பெட்டிகளும் ஊதிக்கொண்டே போயின.