விறைப்பான மீன்

பதினோரு மாதமாக டிரைவர் அண்ணன் எங்கள் மெஸ்ஸில் கவிச்சி தொடவில்லை. வருவார், சுவரோரம் அதே பெஞ்சில் உட்காருவார், போர்டைப் படிப்பதுபோலப் பார்ப்பார். "இன்னைக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு தங்கச்சி, ரசஞ்சோறு போதும்" என்பார். ஒரு மனிதனுக்குப் பதினோரு மாதமா வயிறு ஒரு மாதிரி இருக்கும்? காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரியே நடித்துக்கொண்டிருந்தோம்.

காரணம் நான்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்த பிறகு மூன்று வேளையும் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பாடு. மீன் என்றால் உயிர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த மீன் வண்டியில் நானே தேடிப் பொறுக்கிய அயிலை மீனைக் குழம்பு வைத்து, அவருக்கு ஆசையாக மூன்று துண்டு போட்டேன். மறுநாள் காலை எட்டு மணி இட்லிக்கு ஆள் வரவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தபோது வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்திருக்கிறார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. எந்தக் கடையில் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்று சொன்னாராம்.

திரும்பி வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் ரசம் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

அதோடு மெஸ்ஸில் மீனை நிறுத்திவிட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? ஆனால் மனசு ஆறவில்லை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபமும் சாஸ்தி. வண்டிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டியே பாதி வருடம் ஓடியது. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "அவனத் திட்டி என்ன செய்ய? நல்ல மீனு எப்படி இருக்கும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. ஒருக்கா கடலுக்கே போயிப் பாத்துட்டு வருவம்."

அவர் சொன்னது சரி. நான் மலைப்பூண்டு விளைகிற வில்பட்டிக்காரி. பூண்டை அமுக்கிப் பார்த்தே அது எப்போது பிடுங்கியது என்று சொல்லிவிடுவேன். மீனைப் பற்றித் தெரிந்தது எல்லாம் எங்கள் சந்தைப் பெண்கள் சொல்லும் ஒரே விதிதான்: விறைத்துக் கிடந்தால் ஐஸ் பெட்டியில் பல நாள் கிடந்த மீன், தொட்டால் துவண்டு வளைந்தால் புது மீன். மீன் வண்டி வந்ததும் நாங்கள் எல்லாரும் கூடையைக் கிளறி வளைகிற மீனைத்தான் தேடுவோம்.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திறப்பதாகச் சொல்லி மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, ஒரு பெரிய ஐஸ் பெட்டியோடு எங்கள் வேனில் பாம்பனுக்குக் கிளம்பினோம். அன்று சாயங்காலமே மூன்று கடைகளில் சாப்பிட்டோம். பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டுச் சுற்றுலா. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், நண்டு, கணவாய் என்று ஒரு பிடி பிடித்தார். நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் மீன் குழம்புக்கு நாலே நாலு பல் பூண்டுதான் தட்டிப் போட்டார்கள். நாங்கள் கை நிறைய அள்ளிப் போடுவோம். மலைப்பூண்டு ருசிக்காக என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வாடையை அமுக்கத்தான் அவ்வளவு பூண்டு என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

மறுநாள் வெள்ளனே கரைக்குப் போனோம். நாட்டுப்படகுகள் வந்து நின்றிருந்தன. ஒரு அம்மாள் ஓலைப்பாயில் விளைமீனைக் குவித்து உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்தேன். கையில் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வந்ததே கோபம். இங்கேயுமா?

"இது ஐஸ் மீனு. வளையிற மீனாப் பாத்துக் குடுங்க" என்றேன்.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு தாயி?"

"கொடைக்கானல்."

"அங்கிட்டெல்லாம் செத்தா விறைக்காதா? செத்த கொஞ்ச நேரத்துல எந்த உசுரும் விறைக்கத்தான செய்யும். இது வலைய விட்டு வந்து ரெண்டு மணி நேரங்கூட ஆகல. வளையிற மீனு வேணும்னா நாளைக்கு வா. இதே மீனு நீ சொன்னபடி வளையும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து மீனின் முதுகில் வைத்து அமுக்கினார். குழி விழுந்து உடனே எழும்பியது. "ஐஸுல உறைஞ்சு போனது கட்ட மாதிரி இருக்கும், வெரலே எறங்காது. இது விறைப்பு. ரெண்டும் வேற" என்று சொல்லி, செவுளைத் திறந்து காட்டினார். ரத்தச் சிவப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் அந்தக் கூடையில் விறைப்பான மீனும் கிடந்தது. வண்டிக்காரன் அதைத்தான் எடுத்து நீட்டினான். நான்தான் "என்னய ஏமாத்தாத" என்று அதைத் தள்ளிவிட்டு, அடியில் துவண்டு கிடந்ததைப் பொறுக்கினேன். ஆறு மாதமாக அநியாயமாக அவனைத் திட்டியிருக்கிறேன். மணலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மனுசன் நல்லாத்தான இருக்காரு?" என்றார்.

"இருக்காரு."

"பெறகென்ன, வெரசா எடுத்துட்டுப் போயி ஆக்கிப் போடு." அவரே பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று வைத்து மூடிக் கொடுத்தார்.

வத்தலக்குண்டில் மறுபடி ஐஸ் வாங்கிப் போட்டோம். மலையேறிப் பெருமாள்மலை வந்ததும் குளிர்காற்று அடித்தது. என் வீட்டுக்காரர் வேனை ஓரங்கட்டி, "இனி எதுக்கு இந்தச் சுமை? தண்ணியா ஒழுகுது, கொட்டிருவமா? நம்ம ஊரே ஐஸ் பெட்டிதான" என்றார். எங்கள் ஊரில் பாலைக்கூட வெளியில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் நாங்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஒரு பார்வை பார்த்தேன். பெட்டியோடே வண்டியை எடுத்தார்.

நாலு பல் பூண்டு மட்டும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். முதல் துண்டை நானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் என் வயிற்றைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு டிரைவர் அண்ணன் வந்தார். நேரே போய் முன்னால் நின்றேன்.

"அண்ணே, போன வருசம் தப்பு வண்டிக்காரன் மேல இல்ல. அவன் குடுத்த நல்ல மீன வேணாம்னுட்டு, கெட்டத நான்தான் தேடி எடுத்தேன். நல்லது எதுன்னு எனக்குத் தெரியல. இன்னைக்குக் காலைல படகுல வந்த மீனு அடுப்புல இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, ரசம் ஊத்துறேன்."

அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். "ரசத்த அப்பறமா ஊத்திக்கலாம்" என்றார்.

இரண்டு துண்டு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. மீன் கெட்டதா நல்லதா என்று இலை சொல்லாது, மறுநாள் காலைதான் சொல்லும்.

எட்டு மணி ஆனது. பெஞ்சு காலி. எட்டே கால், அப்போதும் காலி. ஒரு ஈடு இட்லியைத் தண்ணீரில்லாமல் வைத்துத் தீய்த்துவிட்டேன். எதற்கும் கேலி பேசுகிற என் வீட்டுக்காரரே செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார். வாசல் தாண்டவில்லை, எதிரே மேட்டில் மங்கி குல்லாவோடு டிரைவர் அண்ணன் மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"கேஸு தீந்துருச்சுப்பா. வெறகு மூட்டி வெந்நி வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன். பிறகு மூன்று இட்லியை இலையில் வைத்து, சாம்பார் வாளியைத் தூக்கினேன். அவர் இட்லிக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தார்.

"சாம்பாரு வேணாம் தங்கச்சி. நேத்து மீன் கொழம்பு மிச்சம் கெடக்குமே, அத ஊத்து."

உள்ளே போய்ச் சட்டியோடு தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.