கிளட்ச் இறுகிய புது வண்டி

பாபநாசம் போகிற வழியில், பேட்டைப் பட்டறை ஒன்றில் நிற்கிறோம். மகன் வாங்கி மூன்றே நாளான பைக்கில் கிளட்ச் இறுகுகிறது, முன்பக்கமும் உதறுகிறது. திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்கிறான். ஆசையாய் வாங்கிய வண்டி, எனக்கு மனசே ஆறவில்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்.

"வண்டில கொறை இல்ல, ஆச்சி. கிளட்ச் கேபிளையும் சேத்து இறுக்கி, ஹேண்டில்ல திருஷ்டித் தேங்காய யாரு கட்டுனா? அதுல்லா ஆடி ஆடி உலுக்குது!"

மகன் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்.

"நாந்தான் கட்டுனேன். புது வண்டிக்குக் கண்ணு படாதா பின்ன?"

"அவுத்திரட்டுமா?"

"அவுத்து எங்கையில தா, தம்பி."

தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறுகிறேன். சேரன்மகாதேவி தாண்டியும் வண்டி உதறவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வண்டிக்கு நல்லது.