பசி திரும்பிய சாயங்காலம்

அந்த மழைக்காலத்தில் எனக்கு ஐந்தாம் மாதம். வடசென்னை எம்.கே.பி. நகரில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். எண்ணூருக்கு வேலைக்குப் போன கணவர் திரும்பும்வரை சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன். எல்லோரும் ஆசைப்பட்ட குழந்தை, எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அதை வெளியே சொல்லப் பயமாக இருந்தது.

ஒருநாள் எதிர் வீட்டு அக்கா சீப்பும் எண்ணெயுமாக வந்து, சிக்குப் பிடித்த என் தலையை வாரிவிட்டார்.

"இன்னாம்மா, அழுதுகினே கீற?"

"தெர்லக்கா. எதுவுமே புடிக்கல."

"ரெண்டாவது புள்ள வயித்துல இருக்கசொல்ல நானும் இப்டித்தான் கெடந்தேன். யார்கிட்டயும் சொல்லல. நீ அப்டி இருக்காத. நாளிக்கி டாக்டராண்ட போலாம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "கர்ப்பத்துல நிறைய பேருக்கு இப்படி வரும், உங்க தப்பு இல்லை" என்ற டாக்டரம்மா, வாராவாரம் வந்து பேசச் சொன்னார். கணவரையும் அழைத்து விளக்கினார். அதன்பிறகு அவர் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, என்னைக் கொஞ்ச தூரம் நடக்க அழைத்துப் போவார்.

பாரம் மெதுவாகத்தான் குறைந்தது. பொங்கல் முடிந்து ஒரு சாயங்காலம், கீழே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டியிலிருந்து வறுத்த வெங்காய வாசனை மாடிக்கு வந்தது.

"அக்கா, பசிக்குது" என்றேன்.

பல மாதங்களாக நான் சொல்லாத வார்த்தை. அக்கா பாதி சமையலில் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். இன்று மகள் வளர்ந்து வேலைக்கும் போகிறாள். வண்டியோரம் நின்று அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட அந்த அத்தோவின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.