இறைச்சிக்கடையில் உயர்ந்த கை

மகளின் தையல் பெட்டியைத் திறந்ததும் எழுந்த சோக்குக்கட்டி வாசனை, எழுபதுகளில், சிட்னியின் பரமட்டாவில், இப்போது கார்த் தரிப்பிடமாகிவிட்ட மிஸிஸ் ஹேசலின் துணிக்கடைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. அமெரிக்காவில், அயோவாவின் சோளக்காட்டு ஊரொன்றில் முப்பது வருடம் படிப்பித்தவர், பேரப்பிள்ளைகளுக்காக சிட்னி வந்து கடை போட்டார். கரும்பலகையில் விலை எழுதி, வகுப்பில் போலக் கை உயர்த்தியவர்களுக்கே துணி வெட்டுவார்.

சிட்னிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அம்மா, இந்த ஊர் வழக்கமே அதுதான் என்று நம்பி, இறைச்சிக்கடையிலும் கையை உயர்த்தினார்.

“அம்மா, கையை இறக்குங்கோ,” வெட்கத்தில் சேலையை இழுத்தேன்.

“பொறு பிள்ளை, கூப்பிடுவினம்.”

கடைக்காரர் சிரித்தபடி அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அதே இறைச்சிக்கடைக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் நான்கு வெள்ளைக்காரக் கைகள் உயர்ந்திருந்தன.