இடப்பக்கம் சாய்ந்த வண்டி

பதினைந்து வயது முடிந்த என் காருக்குப் பதிவு புதுப்பிக்கச் சித்தூரில் டெஸ்ட். முன்பு அதை வைத்திருந்த கோயம்புத்தூர் இளைஞர் ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். அப்படியே கொண்டுபோனால் ஃபெயில். ஃபெயிலானால் ஆக்ரிக்கடையில் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான் என்று மனைவி முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்கோ அந்த வண்டிமேல் ஒரு பிரியம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எருத்தேன்பதியில் எங்கள் நெல் காயப்போடும் களத்தில் நிறுத்தி, கம்பெனி ஸ்பிரிங்குகளை மாட்டினோம். மாட்டியவர் வாளையாரில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை பார்க்கும் மெக்கானிக். அவர் கை துடைப்பதற்குள் மனைவி சொன்னாள்:

"ஏனுங்க, வண்டி எடப்பக்கம் சாஞ்சு நிக்குதுங்க."

சாய்ந்துதான் நின்றது. ஏதோ நாலு புத்தகம் படித்தவன் என்ற தைரியத்தில், கொத்தனார் மறந்துவிட்டுப் போன ரசமட்டத்தை பம்பர்மேல் வைத்தேன். குமிழி வலப்பக்கம் ஓடியது.

"ஒரு ஸ்பிரிங்கு சொத்தையா இருக்குமுங்க. பக்கம் மாத்திப் போட்டா சாய்வும் மாறிரும்," என்றார் மெக்கானிக்.

மாற்றினோம். சாய்வு மாறவில்லை. தேய்ந்திருக்குமோ என்று புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தோம். அது நன்றாகவே இருந்து எங்களைக் குழப்பியது. கடைசியில் அவர் லாரி வைத்தியத்துக்கு வந்தார். இடப்பக்க ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் சொருகினார். குமிழி நடுவில் வந்து நின்றது. இருவரும் அதைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

டெஸ்ட் அன்று வரிசையில் எனக்குப் பின்னால் ஓர் ஆட்டோக்காரர்.

"அண்ணா, சோத்தாங்கைப் பக்கம் டயர்ல காத்து இல்லீங்களா?"

காற்று இருந்தது. வண்டிதான் இப்போது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன்.

"ரசமட்டம் பொய் சொல்லாதுங்களே," என்றவர் அடுத்துக் கேட்டார்: "ஏனுங்க, களத்துக்கு வாட்டம் உட்டிருக்கீங்களா?"

விட்டிருந்தேன். மழைத்தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தோட வேண்டும் என்று கொத்தனார் தலைமேல் நின்று விட வைத்தவனே நான்தான்.

"அப்ப நாம மட்டம் பாத்தது களத்துக்குங்க. வண்டி மொதல்லயே நேராத்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்துச்சா?"

"அது யாருக்குங்க தெரியும்."

ஆட்டோக்காரர் ஜாக்கி கொடுத்தார். நான் ஒரு கம்பியால் ரப்பரைப் பிடுங்கப் போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன தொழிலுங்க?" என்றார்.

"எழுதறனுங்க."

"அதானே பாத்தேன்," என்று கம்பியை வாங்கிக்கொண்டார்.

பிடுங்கியபின், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் விட்டு அளந்தேன். இடப்பக்கம் இடது கையால் மூன்று விரல். வலப்பக்கம் வலது கையால் மூன்று விரல். என் இரண்டு கை விரல்களும் ஒரே பருமன்தானா என்ற சந்தேகம் வருவதற்குள் முறை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்தார். "ஸ்பிரிங் ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான் சார். பக்கம் மட்டும் மாறியிருக்கு."

நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பின்னால் நின்று தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தார் என்பதைக்கூட நான் கவனித்தேன். பிறகு தாளில் பாஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

வண்டி நேராக இருந்ததா, அவருக்கும் புரியாமல் போனதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.