அவரை வெளியே அனுப்பியதும் ஏறிய பிரஷர்

ஊரப்பாக்கம் கிளினிக்கில் இன்று எனக்கு பிரஷர் நூற்று அறுபது.

காலையில் ஆபீஸ் டென்ஷனை எல்லாம் வீட்டுக்காரர்மேல் கொட்டியிருந்தேன். மனுஷர் நாஸ்தாகூடச் சாப்பிடாமல் என்னைக் கூட்டிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் எங்கள் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அக்கா ரிலாக்ஸ் ஆவட்டும்."

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நூற்று எழுபது!

"இன்னாக்கா, ஏறிக்கினே போவுது?"

கோபத்தில் வீட்டுக்கே போய்விட்டாரோ என்று என் கண் வாசலிலேயே இருந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அவர் கையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். "நீயும்தான் காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. வா."

சாப்பிட்டு, சற்று உட்கார்ந்தபின் நூற்று நாற்பது.

பக்கத்தில் இருந்தாலும் ஏறுகிறது, வெளியே போனாலும் ஏறுகிறது, இட்லியோடு வந்தால் இறங்குகிறது. இந்த மனுஷரை நான் எங்கேதான் வைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்!